குழாய் வந்துவிட்டது, அடுப்பு தயாரா?

பாலக்காட்டிலிருந்து கஞ்சிக்கோடு வழியாக வாளையாறு போகும் சாலையிலும், கொழிஞ்சாம்பாறை வழியாகப் பொள்ளாச்சிக்குத் திரும்பும் சாலையிலும் சமையலறை என்பது கடைக்குள் இருப்பதில்லை. கடைக்கு முன்னால் இருக்கிறது. நேந்திரங்காய் வறுவல் போடும் பெரிய உருளி, பரோட்டாக் கல், சாயா கடையின் சமோவர் எல்லாம் சாலையைப் பார்த்தபடி நிற்கின்றன. உருளிக்குக் கீழே மூன்று கால் இரும்பு ஸ்டாண்டு. அதற்குள் உறுமிக்கொண்டிருக்கும் பர்னர். அதிலிருந்து ஒரு ரப்பர் டியூப் ஓடிப் போய் 19 கிலோ சிலிண்டரில் முடிகிறது. வறுவல் வாங்க நிற்பவர்கள் எண்ணெயைப் பார்க்கிறார்கள், சிலர் விலைப் பலகையைப் பார்க்கிறார்கள். பர்னரை யாரும் பார்ப்பதில்லை.

இந்தப் பர்னர்தான் இனி பேசப்பட வேண்டிய பொருள். காரணம், இந்த மண்ணுக்கு அடியில் இயற்கை எரிவாயு வந்து சேர்ந்துவிட்டது.

கொச்சியை ஒட்டிய புதுவைப்பில் பெட்ரோநெட் நிறுவனத்தின் எல்.என்.ஜி. முனையம் 2013இல் தயாரானது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன். ஆனால் எடுத்துச் செல்லக் குழாய் இல்லாததால் பல ஆண்டுகள் அந்தத் திறனில் மிகச் சிறிய பங்கே பயன்பட்டது. கப்பல் வந்து நிற்கிறது, வாசலைத் தாண்டப் பாதை இல்லை என்ற நிலை. ஒருவழியாகக் கெயில் நிறுவனத்தின் 450 கிலோமீட்டர் நீளமுள்ள கொச்சி - மங்களூர்க் குழாயைப் பிரதமர் 2021 ஜனவரி 5 அன்று தொடங்கிவைத்தார். அந்தக் குழாய் பாலக்காடு மாவட்டத்துக் கூற்றநாட்டில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை வடக்கே மங்களூருக்கு, இன்னொன்று கிழக்கே வாளையாறுக்கு. வாளையாறு தாண்டினால் தமிழ்நாடு.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் நடந்த கதை வாசகர்களுக்கு நினைவிருக்கும். கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகள் தங்கள் நிலத்தில் குழாய் பதிப்பதை எதிர்த்தார்கள். குழாயை நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போகச் சொல்லி 2013இல் மாநில அரசு உத்தரவிட்டது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் கெயிலின் பக்கமே நின்றது. கேரளத்திலும் 2017இல் கோழிக்கோடு மாவட்டம் முக்கத்தில் போராட்டம் தடியடி வரை போயிற்று. இத்தனை சச்சரவுக்கும் நடுவில் எல்லோரும் குழாயைப் பற்றியே பேசினார்கள். குழாயின் மறு முனையில் இருக்கும் அடுப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட எங்கும் கேட்கவில்லை.

சிலிண்டரில் வருவதும் குழாயில் வருவதும் 'கேஸ்' என்ற ஒரே சொல்லால் அழைக்கப்படுவதில் வருகிறது முதல் குழப்பம். சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி.; புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. அழுத்தத்தில் திரவமாகி நிற்கும். அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் இறைச்சி வாட்டும் அடுப்புக்குச் சுத்தமான புரொப்பேனே வருகிறது. இந்தியாவில் சமையலுக்கு வருவது இந்தக் கலவை. குழாயில் வருவது பெரும்பாலும் மீத்தேன். இரண்டும் எரியும், இரண்டிலும் நாற்றத்துக்காக மெர்காப்டன் சேர்க்கிறார்கள், இரண்டின் சுடரும் நீலம். ஒற்றுமை அத்தோடு முடிந்துவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், கொச்சியிலிருந்து பாலக்காடு, கோவை, ஈரோடு வழியாகச் சேலத்துக்குப் போகும் இன்னொரு குழாய் இருக்கிறது. அதில் போவது எல்.பி.ஜி. ஆக, ஒரே பாலக்காட்டு மண்ணுக்கு அடியில் இரண்டு வகை 'கேஸ்' போகிறது. 'எங்கள் ஊரில் கேஸ் பைப் போகிறது' என்று ஒருவர் சொன்னால், எந்த கேஸ் என்று கேட்பதுதான் நியாயம்.

ஒரே கொள்ளளவுக்குப் பார்த்தால் எல்.பி.ஜி.யின் வெப்பம் இயற்கை எரிவாயுவைப்போல இரண்டரை முதல் மூன்று மடங்கு. எனவே எல்.பி.ஜி. அடுப்பை அப்படியே குழாயில் மாட்டினால் சுடர் சோர்ந்துபோய் நிற்கும். ஊரில் 'இந்த கேஸில் வேகமே இல்லை' என்ற பேச்சு கிளம்புவது பெரும்பாலும் இப்படித்தான். குற்றம் வாயுவில் இல்லை. ஜெட் என்று மெக்கானிக்குகள் சொல்லும், பட்டாணி அளவுப் பித்தளைத் துண்டில் இருக்கும் ஊசித் துளையில் இருக்கிறது. எவ்வளவு வாயு பர்னருக்குள் போக வேண்டும் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது.

வீட்டு அடுப்பில் கணக்கு எளிது. எல்.பி.ஜி. ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வாயுவைத் தருகிறது. குழாய் எரிவாயு வீட்டுக்குள் வரும்போது 21 மில்லிபார். வாயு லேசானதால் துளை வழியே வேகமாகப் பாயும். ஆனால் வெப்பம் குறைவு, அழுத்தமும் குறைவு. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் துளையின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காக வேண்டும். விட்டத்தில் பார்த்தால் 35 முதல் 40 சதவீதம் கூடுதல். 0.70 மில்லிமீட்டர் துளை இருந்த இடத்தில் 0.95 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின்னாக ஒரு துளை. அவ்வளவுதான். இணைப்புக் கொடுக்க வரும் ஆள் கையோடு ஜெட்டை மாற்றிவிட்டு, நீலச் சுடர் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

அந்த எளிமையை நம்பித்தான் சாலையோரத்திலும் விவகாரம் தொடங்குகிறது. 'வீட்டு அடுப்புக்கு ஜெட் பெரிசாக்கினாங்க, நமக்கும் ஒரு துளை போட்டா ஆச்சு' என்று நினைப்பது இயற்கை. போடுவதற்கு ஆளும் இருக்கிறார், கையில் சிறு ட்ரில் பிட்டும் இருக்கிறது. ஆனால் உருளிக்குக் கீழே இருக்கும் பர்னர் வேறு சாதி. அது 30 மில்லிபாரில் எரிவதில்லை. சிலிண்டர் தலையில் இருக்கும் ஹை பிரஷர் ரெகுலேட்டரைத் திருகித் திருகி, அரை பார், முக்கால் பார், சில சமயம் ஒரு பாருக்கு மேலும் வைத்து எரிப்பார்கள். அந்த உறுமல் அழுத்தத்தின் உறுமல்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 700 மில்லிபாரில் எரிந்துகொண்டிருந்த பர்னர். கடைக்குக் குழாய் எரிவாயு 100 மில்லிபாரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வெப்பம் வேண்டுமானால் துளையின் பரப்பு நான்கு மடங்குக்கு மேல் ஆக வேண்டும். விட்டம் இரண்டு மடங்கு. வீட்டுக்கு வருவது போல 21 மில்லிபாரில் வந்தாலோ, பரப்பு ஒன்பது மடங்கு, விட்டம் மூன்று மடங்கு. துளையை அப்படிப் பெரிதாக்குவதில் கஷ்டம் ஒன்றுமில்லை. கஷ்டம் காற்றில் இருக்கிறது.

பர்னருக்குள் காற்றை யாரும் ஊதிவிடுவதில்லை. ஊசித் துளையிலிருந்து சீறி வரும் வாயுவே, ஓடும் லாரி தூசியை இழுத்துக்கொண்டு போவது போல, பக்கத்துக் காற்றைத் தன்னோடு குழலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. புரொப்பேன் ஒரு பங்கு எரிய 24 பங்கு காற்று வேண்டும். மீத்தேனுக்குப் பத்துப் பங்குக்குச் சற்றுக் குறைவு. கேட்பதற்கு மீத்தேன் சமர்த்துப் பிள்ளை போலத் தோன்றும். ஆனால் அதே வெப்பம் கிடைக்க மீத்தேன் இரண்டரை மடங்கு எரிய வேண்டுமே! வெப்பத்துக்கு வெப்பம் பார்த்தால் இரண்டுக்கும் தேவைப்படும் காற்று கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் காற்றை முன்பு 700 மில்லிபார் வேகம் இழுத்தது. இப்போது அகன்ற துளையிலிருந்து சோம்பலாக வெளிவரும் வாயு இழுக்க வேண்டும். இழுக்காது. சுடர் மஞ்சளாகி, நீண்டு, உருளியின் பக்கங்களை நக்கும். பாத்திரத்தில் கரி ஏறும். கூடவே கண்ணுக்குத் தெரியாத, மூக்குக்கும் தெரியாத கார்பன் மோனாக்சைடு பிறக்கும்.

எனவே ஹை பிரஷர் பர்னரை 'மாற்றுவது' என்ற பேச்சே பெரும்பாலும் தவறு. அதைக் கழற்றிவிட்டு, குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த, கழுத்து அகன்ற, பல துளைகள் கொண்ட பர்னரைப் போட வேண்டும். அல்லது ப்ளோயர் வைத்துக் காற்றை ஊதிக் கொடுக்கும் பர்னர். இல்லாவிட்டால் எரிவாயு நிறுவனத்திடம் கூடுதல் அழுத்தத்தில் இணைப்புக் கேட்க வேண்டும். அதற்குத் தனி ரெகுலேட்டர், தனி ஏற்பாடு, தனிச் செலவு. இதில் எது என்பதைக் கடைக்காரர் கணக்கு நோட்டைப் பார்த்துத் தீர்மானிக்கட்டும். நான்காவதாக ட்ரில் பிட் என்ற வழி இருக்கக் கூடாது.

ட்ரில் பிட்டைப் பற்றி இன்னும் ஒன்று. ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டிய துளை 1.1 ஆகிப்போனால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வாயு 21 சதவீதம் கூடுதலாகப் போகும். துளை சற்றுச் சாய்ந்து விழுந்தாலோ, உள்ளே பித்தளைப் பிசிறு நின்றாலோ, வாயு குழலின் நடுவே போகாமல் சுவரில் மோதும். காற்று இழுபடாது. ஜெட் என்பது சில்லறைக் காசில் வாங்குகிற சாமான். அதில் மிச்சம் பிடிக்க நினைப்பது விசித்திரம்.

நேர்த்தியாக மாற்றிய அடுப்பிலும் நஷ்டம் இருக்கிறது என்பது நிபுணர்கள் ஒப்புக்கொண்ட விஷயம். எல்.பி.ஜி.க்காக வடிவமைத்த பர்னரில் ஜெட்டை மட்டும் மாற்றி இயற்கை எரிவாயுவை எரித்தால் திறன் குறைகிறது. அதனால்தான் டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் குழாய் எரிவாயுவுக்கென்றே தனிப் பர்னரை வடிவமைத்தது. மாற்றிய அடுப்போடு ஒப்பிட்டால் ஏறத்தாழ கால் பங்கு எரிவாயு மிச்சமாகும் என்பது அதன் கணக்கு. அது வீட்டு அடுப்பு. வெட்டவெளியில், காற்று வீசும் சாலையோரத்தில் எரியும் உருளி அடுப்புக்கு அப்படி யாரும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. பாலக்காட்டுக் கணவாயின் காற்று சாதாரணக் காற்றும் அல்ல. கஞ்சிக்கோட்டில் காற்றாலை நிறுத்தும் அளவுக்கு வீசுகிற காற்று. மீத்தேன் சுடர் புரொப்பேனைவிடச் சற்று மெதுவாகப் பரவுவது. பர்னரின் வாயிலிருந்து தூக்கிக்கொண்டு போய் அணைந்துவிடும் குணம் அதற்குக் கொஞ்சம் அதிகம். ஆடி மாதத்தில் இந்தச் சாலையில் கடை போடுபவர் மூன்று பக்கமும் தகரத் தடுப்பு வைக்காமல் குழாய் எரிவாயுவை நம்ப முடியாது.

தடுப்பு என்றதும் பாதுகாப்பு விஷயத்துக்கு வர வேண்டியிருக்கிறது. எல்.பி.ஜி. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் தரையோடு தவழ்ந்து, ஓடையில், பள்ளத்தில் தேங்கும். 2012 ஆகஸ்டில் கண்ணூர் அருகே சாலாவில் டாங்கர் லாரி கவிழ்ந்து கசிந்தபோது வாயு சாலையோடு தவழ்ந்து வீடுகளுக்குள் போய், பிறகு தீப்பிடித்தது. 20 பேர் இறந்தார்கள். இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு. வெட்டவெளியில் மேலே போய்க் கலைந்துவிடும். எரியத் தொடங்கவும் காற்றில் 5 சதவீதம் வேண்டும், எல்.பி.ஜி.க்கு 2 சதவீதமே போதும். இந்த வகையில் குழாய் எரிவாயு நல்ல பிள்ளைதான். அதற்காகப் பயமில்லை என்று சொல்லிவிட முடியாது. 2014 ஜூனில் ஆந்திரத்தின் நகரம் என்ற கிராமத்தில் கெயில் குழாய் வெடித்து 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே விடியற்காலையில் தீ பிடித்துக்கொள்ளக் காரணம் ஒரு டீக்கடை அடுப்பு என்று அப்போது செய்திகள் சொல்லின.

சாலையோரக் கடைக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் உண்டு. சிலிண்டர் காலத்தில் காற்றுப் போக்கு கீழே இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தரையோரம் இடைவெளி விட்டார்கள். குழாய் எரிவாயுவுக்கு வழி மேலே வேண்டும். முன்பக்கம் திறந்திருந்தாலும் மேலே தகரமோ கான்கிரீட்டோ மூன்று பக்கம் இறங்கி மூடியிருந்தால், கசிந்த வாயு அந்தக் கூரையின் கீழே ஒதுங்கி நிற்கும். அங்கேதான் டியூப்லைட்டும் ஃபேனும் இருக்கின்றன. அடுப்பை மாற்றும் ஆள் கூரையையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தால் நல்லது.

உலகத்தில் இந்த வேலையைப் பெரிதாகச் செய்து காட்டிய நாடு பிரிட்டன். நிலக்கரியிலிருந்து எடுத்த வாயுவை எரித்துக்கொண்டிருந்த நாடு, வட கடலில் இயற்கை எரிவாயு கிடைத்ததும் 1967 முதல் பத்து ஆண்டுகளில் 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்ட நுகர்வோரின் அடுப்புகளையும் கணப்புகளையும் மாற்றியது. 1966இல் முதல் சோதனை நடந்தது கான்வே தீவில். கப்பலில் அல்ஜீரிய எல்.என்.ஜி. வந்து இறங்கிய அதே இடம். நம் புதுவைப்பும் ஒரு தீவின் முனைதான். ஒற்றுமை அதோடு நின்றுவிடுகிறது. அங்கே ஒவ்வொரு பகுதியாக வாயுவை நிறுத்தி, வீடு வீடாக ஏறி, ஒவ்வொரு சாதனத்துக்கும் பொருத்தமான உதிரிப் பாகத்தை முன்கூட்டியே செய்துவைத்து, நிறுவனமே தன் செலவில் மாற்றியது. மாற்ற முடியாத பழைய அடுப்புக்காரருக்குப் புதிது வாங்க உதவியும் கிடைத்தது. எந்த மாடல் அடுப்பு எந்த வீட்டில் இருக்கிறது என்ற பட்டியல்தான் அந்த வேலையின் முதுகெலும்பு.

நம்மிடம் அந்தப் பட்டியல் இல்லை, இருக்கவும் முடியாது. வீட்டு அடுப்புக்காவது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறது. கடை முன்னால் உறுமுகிற பர்னர் பல சமயம் ஏதோ ஒரு லேத் பட்டறையில் வார்த்து, கடைந்து, சாயம்கூடப் பூசாமல் சந்தைக்கு வந்தது. எந்த ஜெட், எந்த அழுத்தம் என்று அதில் ஒரு எழுத்துகூட இருக்காது. பாலக்காடு, திருச்சூர் மாவட்டங்களில் நகர எரிவாயு வலையமைப்பு போடும் உரிமை இந்தியன் ஆயில் - அதானி கூட்டு நிறுவனத்துக்குப் போயிருக்கிறது. கம்பெனியின் பொறுப்பு மீட்டரோடு முடிகிறதா, பர்னர் வரை நீள்கிறதா? வீட்டுக்கு ஒரு நியாயம், கடைக்கு ஒரு நியாயம் என்றால் ட்ரில் பிட்காரருக்குத்தான் யோகம். இணைப்புக் கட்டணத்திலேயே அடுப்புப் பரிசோதனையையும் சேர்த்து, சரியில்லாத பர்னருக்கு வாயு திறக்கமாட்டேன் என்று சொல்லும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். கடைக்காரர்கள் முனகுவார்கள். முனகட்டும்.

சில அடுப்புகளைக் குழாய்க்குக் கொண்டுவர நினைப்பதே வீண் வேலை என்பதையும் சொல்லியாக வேண்டும். பாலக்காட்டின் தேகண்டக்காரர்கள் புகழ் பெற்றவர்கள். கல்பாத்தித் தேர் என்றால் கல்பாத்தியில், கல்யாணம் என்றால் கோவையிலோ சென்னையிலோ, மும்பையில் மாதுங்காவிலோகூட அடுப்பு மூட்டுகிற கூட்டம். அவர்களுடைய அடுப்பு லாரியில் ஏறி ஊர் ஊராகப் போவது. அதற்குச் சிலிண்டர்தான் சரி. தள்ளுவண்டிக்காரருக்கும் அப்படியே. சிலிண்டரை வைத்துக்கொள்வதிலும் விதி இருக்கிறது: உரிமம் இல்லாமல் 100 கிலோ வரைதான் எல்.பி.ஜி. வைத்திருக்கலாம், 19 கிலோ சிலிண்டர் என்றால் ஐந்து. பெரிய கல்யாணப் பந்தலின் பின்பக்கம் போய் எண்ணிப் பார்த்தால் இந்த விதிக்கு என்ன மரியாதை என்று தெரியும்.

தொழிற்சாலைகள் விஷயம் வேறு. அங்கே வாயுவை மாற்றுவது கணக்குப்பிள்ளையின் வேலை. குஜராத்தின் மோர்பியில் ஓடு சுடும் தொழிற்சாலைகள், இயற்கை எரிவாயு விலை ஏறினால் புரொப்பேனுக்கும், இறங்கினால் திரும்பவும் எரிவாயுவுக்கும் தாவுகின்றன. இரண்டுக்கும் தயாராக உலையையும் ஆட்களையும் வைத்திருக்கிறார்கள். வணிக சிலிண்டருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.; இயற்கை எரிவாயு ஜி.எஸ்.டி.க்கு வெளியே, மாநில வாட் வரியில் இருக்கிறது. எல்.பி.ஜி.யில் ஏறத்தாழ 60 சதவீதம் இறக்குமதி. எரிவாயுவிலும் சுமார் பாதி இறக்குமதிதான். எனவே எது என்றைக்கு மலிவு என்பதை உலகச் சந்தைதான் சொல்லும். ஆனால் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலை செய்யக்கூடிய தாவலை வறுவல் கடைக்காரர் செய்ய முடியாது. அவரிடம் இருப்பது ஒரே உருளி, ஒரே அடுப்பு.

மலைக்கு ஏறினால் கதை தலைகீழ். இடுக்கியில் தமிழ் கேட்கும் ஊர்களான மூணாறு, தேவிகுளம், மறையூர், குமுளி, கம்பமெட்டு ஆகியவற்றில் இன்றும் சிலிண்டர்தான் ராஜா. அதற்கு அடுத்தது விறகு. மலைச் சரிவில், நிலச்சரிவு வரும் மண்ணில் குழாய் பதிப்பது சமவெளி வேலை அல்ல. குழாய் போகாத ஊர்களுக்கு லாரியில் எல்.என்.ஜி. கொண்டுபோய் அங்கேயே வாயுவாக்கிக் கொடுக்கும் முறை இருக்கிறது. ஆலப்புழை, திருவனந்தபுரம் பக்கம் அப்படித்தான் தொடங்கினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் அந்த டாங்கர் ஏறுவதை நினைத்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது.

உண்மையில் குழாய் எரிவாயுவால் அதிகம் பயனடையக்கூடியது மலைதான் என்பது இதில் உள்ள வினோதம். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாகும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். மார்கழி, தை மாதங்களில் மூணாறில் வெப்பம் பூஜ்ஜியத்தைத் தொடும் விடியற்காலைகளில் சிலிண்டரில் இருக்கும் புரொப்பேன் முதலில் போய்விடுகிறது. பியூட்டேன் கிளம்ப மாட்டேன் என்று அடியில் உட்கார்ந்துகொள்கிறது. சிலிண்டரின் வெளியே பனி படியும், சுடர் சுருங்கும். சிலிண்டரை வெந்நீர்த் தொட்டியில் நிறுத்துகிறார்கள். அதோடு நிறுத்தினால் பரவாயில்லை. தணல் வைத்துச் சூடாக்குவது உயிருக்கு உலை. நல்ல வழி, இரண்டு மூன்று சிலிண்டர்களை ஒன்றாக இணைத்து ஒவ்வொன்றின் மேலும் விழும் சுமையைக் குறைப்பது. மீத்தேனுக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு. மூணாறில் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. எந்த வாயுவானாலும் சமவெளிக்குப் பொருத்திய ஜெட்டை அப்படியே அங்கே கொண்டுபோனால் காற்றுப் போதாமல் சுடர் மஞ்சளாகும். ஒரு நம்பர் சிறிய ஜெட் தேவை.

ஏலத்தோட்டங்களில் காய் உலர்த்தும் ஸ்டோர்களில் விறகுதான் வழக்கம்; மரம் வெட்டக் கட்டுப்பாடு வந்தபின் டீசலும் எல்.பி.ஜி.யும் நுழைந்திருக்கின்றன. பச்சை நிறம் போகாமல் ஒரு நாள் முழுக்க மெதுவாக, ஒரே சீராகச் சூடு கொடுக்க வேண்டிய வேலை அது. வாயு அதற்கு விறகைவிட ஒத்துழைக்கும். மறையூர், காந்தளூர்ப் பக்கத்து வெல்லக் கொட்டகைகளுக்கு இந்தப் பேச்சே வேண்டாம். கரும்புச் சக்கையைக் காயவைத்து அதையே எரிக்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் அது. அந்த அடுப்பை மாற்றச் சொல்லி யாராவது மலை ஏறினால் திருப்பி அனுப்பிவிடலாம்.

சமவெளியில் குழாய், மலையில் சிலிண்டர் என்று இருக்கும் வரை ஒரு ஆபத்தைக் கவனிக்க வேண்டும். பழைய அடுப்புச் சந்தை மாவட்ட எல்லையையோ மாநில எல்லையையோ பார்ப்பதில்லை. பாலக்காட்டில் கடையை மூடுகிறவரின் அடுப்பு பொள்ளாச்சிக்கோ, உடுமலைக்கோ போய், அங்கிருந்து மறையூருக்கு ஏறலாம். அது குழாய் எரிவாயுவுக்கு ஜெட் பெரிதாக்கிய அடுப்பாக இருந்து, வாங்கியவர் அதில் சிலிண்டரை மாட்டினால், வீட்டு அடுப்பிலேயே வெப்பம் ஏறத்தாழ இரு மடங்கு பாயும். ஹை பிரஷர் ரெகுலேட்டரோடு மாட்டினால் அது அடுப்பே அல்ல, தீவட்டி. எல்.பி.ஜி. அடுப்பைக் குழாயில் மாட்டுவது சோறு வேகாத குற்றம். குழாய் அடுப்பைச் சிலிண்டரில் மாட்டுவது ஆள் வேகும் குற்றம். குழாய்ச் சப்ளை நின்ற நாளில் அவசரத்துக்குச் சிலிண்டரை இழுத்து மாட்டுகிற கடைக்காரருக்கும் இதேதான் நடக்கும். அவருக்கு இரண்டாவது அடுப்பு ஒன்று, ஜெட் மாற்றாமல், ஓரமாக இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு மலிவான ஏற்பாடு செய்யலாம். ஜெட் மாற்றிய பர்னரின் கழுத்தில் அழியாத மஞ்சள் பெயிண்ட் ஒரு வளையம். பக்கத்தில் 'குழாய் கேஸ் மட்டும்' என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு வில்லை. அடுப்பை விற்கிறவர் குழாய் ஜெட்டைக் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டு, வெறும் பர்னரை மட்டும் விற்பது இன்னும் நல்லது. ஜெட் இல்லாத அடுப்பை வாங்குகிறவர், எந்த கேஸுக்கு என்று கடையில் கேட்டுத்தானே புதிது வாங்கியாக வேண்டும்.